நகராத நெபுலா

ஆல்டன் க்ரீக், நெப்ராஸ்கா
1932 ஜனவரி 10

அன்புத் தம்பி லெமுவலுக்கு,

இறையருளால் இவ்விடம் நான் சுகமே. உன் நலமும், உன் மனைவி நோராவின் நலமும், அம்மலையின் குளிரில் அவள் வளர்க்கத் துணிந்த கோழிகளின் நலமும் அறிய அவா.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் கிடைத்தது. அதனைக் கடிதம் என்றழைக்கத் தயங்குகிறேன். தட்டச்சில் அடித்து அனுப்புவது விதை வியாபாரிகளின் வழக்கம், உடன்பிறந்தாரின் வழக்கமன்று. உன் கையெழுத்தை நான் இவ்வூரில் பலருக்குக் காட்டிப் பெருமை கொண்டதுண்டு. மலையுச்சி ஆய்வகத்தில் மைக்குப் பஞ்சமா? காரணம் எழுதவும்.

ஒரு நற்செய்தி. பெண்கள் வாசகர் சங்கத்தார் மார்ச் பதினெட்டாம் நாள் மெதடிஸ்ட் ஆலயக் கூடத்தில் உரையாற்றுமாறு என்னை அழைத்துள்ளனர். பொருள்: "பிரபஞ்சம் விரிகிறதா?" ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புகளுக்கு இடையே நூல்களைப் படித்துத் தன்னைத் தானே ஆக்கிக்கொண்ட ஒருத்திக்கு இது சிறிய பேறன்று. என் கருத்தை நீ அறிவாய். விரியவில்லை. நெபுலாக்கள் எனப்படும் தொலைதூர விண்மீன் கூட்டங்களில் சில ஓடுவதாகத் தோன்றுவதைக் கொண்டு பிரபஞ்சமே விரிகிறது என்பது, நான்கு குதிரைகள் மிரண்டதற்கு நிலமே நகர்ந்தது என்பதை ஒக்கும்.

தானியக் கிடங்கு ஓரின் டட்டில் நேற்றே எக்ஸ்சேஞ்சுக்கு அழைத்துக் கேலியைத் தொடங்கிவிட்டார். "என்ன மிஸ் வெயிட், வானம் விரியுதாமே? என் நிலம் மட்டும் ஏன் விரிய மாட்டேங்குது?" என்றார். "உங்க வாய் விரியுற வேகத்துல நிலமும் விரிஞ்சா, கான்சஸ் பூராவும் உங்களுதுதான் மிஸ்டர் டட்டில். லைனை வைக்கலாமா?" என்றேன்.

உன் தொலைநோக்கி புதிதாக ஏதேனும் கண்டிருப்பின் உடனே தெரிவிக்கவும். நோராவுக்கு என் வாழ்த்து.

இங்ஙனம்,
உன் தமக்கை
ஆகஸ்டா வெயிட்

*

ஜுனிபர் மலை, கலிபோர்னியா
ஜனவரி 26

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கோழிகளில் ஒன்று நரிக்குப் போயிற்று, மற்றவை நலம். உன் முழங்கால் வலி எவ்வாறுள்ளது?

தட்டச்சைப் பொறுத்தருள். குளிரில் விரல்கள் விறைக்கின்றன.

நீ கேட்ட நேரத்தில் எழுதும்படியாக ஒன்று நேர்ந்துள்ளது. சிம்ம ராசிப் பக்கம் மங்கிய நெபுலாக்களின் கூட்டம் ஒன்று உண்டு. இதுவரை அளந்தவற்றுள் அவை மிகத் தொலைவானவை. அவற்றில் ஒன்றின் ஒளியை ஐந்து இரவுகள் ஒரே புகைப்படக் கண்ணாடித் தகட்டில் சேர்த்தேன். அதற்குள் தகட்டை வெளியே எடுக்க இயலாது. ஒவ்வோர் இரவும் அதே புள்ளியைக் கருவியின் மெல்லிய பிளவின்மேல் நிறுத்தி, விலகாமல் கண்ணாலேயே கண்காணிக்க வேண்டும்.

நீ அறிந்ததுதான், இருப்பினும் உன் உரைக்கு உதவட்டும். நெபுலாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே கால்சியத்தின் இரண்டு கருங்கோடுகள் தெரியும். விலகிச் செல்லும் நெபுலாவில் அவை சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கும். தொலைவு கூடினால் நகர்வும் கூடும். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு இதுவே சான்று.

என் தகட்டில் கோடுகள் நகரவில்லை, அக்கா. இரண்டும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

இயக்குநர் டாக்டர் ஹாலிஸ்டரிடம் எண்களைக் காட்டினேன். எண்களை இருமுறை சரிபார்த்தார். பிறகு, "லெம், இது நெசம்னா பாதிப் பாடப்புத்தகத்தைக் கிழிச்சு அடுப்புல போடணும். வேற யாரும் கொண்டு வந்திருந்தா வெளிய போன்னு சொல்லியிருப்பேன். உன் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஏப்ரல் இதழுக்கு எழுதிடு" என்றார்.

தகட்டைப் பெரிதாக்கி எடுத்த அச்சுப்படம் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கட்டுரை வெளிவரும்வரை உன்னளவில் வைத்துக்கொள்.

அன்புடன்,
லெமுவல்

*

ஆல்டன் க்ரீக்
பிப்ரவரி 3

என் பெருமைக்குரிய தம்பிக்கு,

நான் நலம்; நலத்தினும் மேலான நிலையில் உள்ளேன். முழங்கால் வலியை உன் கடிதம் தீர்த்துவிட்டது.

இருபதாண்டுகளாக நான் சொல்லிவந்ததை உன் தகடு சொல்லிவிட்டது. வானம் நிலைத்திருக்கிறது! உன்னளவில் வைத்துக்கொள் என்றாய். வைத்துக்கொண்டேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் சங்கத் தலைவி மிஸஸ் ப்ரூயிட் உரையின் சாரத்தைக் கேட்டார். என்னால் இயன்றவரை அடக்கமாகவே கூறினேன். எப்படியோ அது எங்கள் "கூரியர்" பத்திரிகையின் முதற்பக்கத்தை எட்டிவிட்டது: "வானம் ஓடவில்லை என நிறுவினார் ஆல்டன் க்ரீக் மைந்தர்." நீ சினங்கொள்ள மாட்டாய் என நம்புகிறேன்.

அச்சுப்படத்தைச் சட்டமிட்டு எக்ஸ்சேஞ்சில் என் ஸ்விட்ச்போர்டின் மேல் மாட்டியுள்ளேன். எத்தகைய நேர்த்தி! கன்னியொருத்தியின் கூந்தலிழை இரண்டை எடுத்துப் பனியின்மேல் வைத்தாற்போல், அத்தனை மெல்லியனவாய், அத்தனை கூரியனவாய் அக்கோடுகள் நிற்கின்றன. ஊசிமுனையால் கீறியிருப்பினும் இவ்வளவு தெளிவு வாய்த்திராது. பார்ப்போரிடமெல்லாம் கூறுகிறேன்: "நடுங்காத கை, தவறாத கண்."

விரைவில் மறுமொழி எழுது. இம்முறையேனும் கையால் எழுது.

இங்ஙனம்,
ஆகஸ்டா வெயிட்

*

ஜுனிபர் மலை
பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலம். அவ்விடமும் அவ்வாறே என நம்புகிறேன்.

அச்சுப்படத்திலுள்ள கோடுகளைப் பற்றி எழுதியிருந்தாய். மீண்டும் ஒருமுறை பார்த்து எழுது. உவமை வேண்டாம். கோடுகளின் ஓரம் கூர்மையாக உள்ளதா, கலங்கி அகன்றுள்ளதா? இரண்டாண்டுக்கு முன் அனுப்பிய நெபுலாப் படம் உன்னிடம் இருக்கும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்.

வேறு எவரிடமும் காட்ட வேண்டாம்.

லெமுவல்

*

ஆல்டன் க்ரீக்
பிப்ரவரி 23

தம்பிக்கு,

நலமே. நீ எழுதியது சில வரிகளே. ஆகையால் நானும் சுருங்கச் சொல்கிறேன்.

என் உவமைகளை வேண்டாமென எவரும் இதுவரை கூறியதில்லை. போகட்டும். புதிய படத்தின் கோடுகள் கூர்மையானவை. ஓரங்கள் தெளிவானவை. பழைய படத்தின் கோடுகளோ அகன்று, சட்டைக் கையால் துடைத்த சாக்பீஸ் எழுத்துப்போல் கலங்கியுள்ளன. உன் திறன் வளர்ந்துள்ளது என்றே கருதினேன். இவ்வேறுபாடு உனக்குத் தெரியாததா? தகடு உன் மேசைமேல் இருக்க, எண்ணூறு கல்லுக்கும் அப்பாலுள்ள என்னை ஏன் கேட்கிறாய்?

மிஸஸ் ப்ரூயிட் அழைப்பிதழ்களை அச்சிட்டுவிட்டார். அடுத்த ஊரின் பள்ளி ஆசிரியர்களும் வருகின்றனர்.

ஆகஸ்டா

*

ஜுனிபர் மலை
மார்ச் 1

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். இங்கே மூன்று நாளாக ஓயாத பனி. கோழிகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டோம். நோரா அவற்றோடு சண்டையிட்டபடியே ரொட்டி சுடுகிறாள்.

ஓர் உதவி. மார்ச் பதினெட்டாம் நாள் உரையை நிறுத்திவிடு. தொண்டை கட்டியுள்ளதெனச் சொல், ஒருவரும் ஐயுறார். மே மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். காரணத்தைப் பிறகு விளக்குவேன்.

முழங்காலைக் குளிரில் காட்டாதே.

அன்புடன்,
லெமுவல்

*

ஜுனிபர் மலை
மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். இக்கடிதத்தை அவர் அறியாமல் எழுதுகிறேன். தங்களைப்போல் அழகாக எழுத எனக்கு வராது.

அக்டோபர் முதலே அவர் கண் சரியில்லை. எதையும் நேரே பார்த்தால் நடுவில் புகை படிந்தாற்போல் இருக்கிறதாம். ஓரம் மட்டுமே தெரிகிறது. தகட்டில் கோடுகள் நின்ற இடத்தை ஓரக்கண்ணால் அளந்தாராம்; அவற்றின் கூர்மை தெரியவில்லையாம். காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். தன் கையெழுத்தின் வரி தனக்கே தெரியாததால்தான் தட்டச்சில் எழுதுகிறார். ஆய்வகத்தில் ஒருவரும் அறியார்.

தங்கள் பிப்ரவரி மூன்றாம் நாள் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கூந்தலிழை என்ற இடம் வந்ததும், "நிறுத்து. அதைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். முகம் வெளுத்துவிட்டது. "நோரா, அது நெபுலாவே இல்ல. நெபுலான்னா கோடிக்கணக்கான நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒண்ணாக் கலந்து வரும்; கோடு கலங்கித்தான் இருக்கும். கூரா இருந்தா அது ஒத்த நட்சத்திரம். நம்ம பால்வீதியில, பக்கத்துல நிக்கிற ஒண்ணு. அஞ்சு ராத்திரியும் நான் தப்பான புள்ளியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

"அப்ப டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா, ஏன் தெரியலன்னு கேப்பாரு. அப்புறம் தொலைநோக்கி கிடையாது, இந்த வீடு கிடையாது. ஏப்ரல்ல நிலா இல்லாத இருட்டுல யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு சரியான தகடு எடுத்துடறேன். எடுத்துட்டா கட்டுரைய நானே சத்தமில்லாம வாபஸ் வாங்கிக்கலாம்."

"அதுக்குள்ள உங்க அக்கா மேடையேறிடுவாங்களே?"

"ஏறக் கூடாது" என்றார்.

கட்டுரை இம்மாதம் இருபதாம் நாள் அச்சுக்குப் போகிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அண்ணி. நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொடுக்காதீர்கள்.

பணிவுடன்,
நோரா

*

ஆல்டன் க்ரீக்
மார்ச் 8

தம்பி லெமுவலுக்கு,

நான் நலம். தொண்டையும் நலம். இல்லாத நோயை உண்டென்று சொல்ல நான் பழகவில்லை. இவ்வயதில் பழகவும் மாட்டேன்.

நீ பணித்தவாறு இரண்டு படங்களையும் மீண்டும் அருகருகே வைத்தேன். பின்பு நூல்களை எடுத்தேன். பழைய படம் நெபுலாவினுடையது, அதில் ஐயமில்லை. புதிய படம் எதனுடையது? வினாவை மட்டும் எழுதுகிறேன். விடையை எழுதவேண்டியவன் நீ. எழுதவேண்டியது எனக்கன்று, டாக்டர் ஹாலிஸ்டருக்கு.

நான் அவருக்கு எழுத மாட்டேன். அதனைக் குறித்து நீ அஞ்ச வேண்டா. ஆனால் பதினெட்டாம் நாள் மேடையேறுவேன். ஏறி, அந்நெபுலா நகரவில்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லாவிடில், கூரியரில் வந்தது என்னாயிற்று என்று முதல் வரிசையிலிருந்தே கேட்பர். அப்போது நான் கூறவேண்டிய மறுமொழி யாது? பொய் நான் சொல்ல மாட்டேன் என்பதை நீ அறிவாய். உன்னைக் குறித்த மெய்யை நீ சொல்லுமுன் நான் அவையில் சொல்வதும் முறையன்று.

பதினேழாம் நாளுக்குள் உன் கடிதத்தை எதிர்பார்ப்பேன். நீ இயக்குநரிடம் பேசிவிட்டாய் என்ற ஒரு வரி போதும்.

நோராவுக்கு என் அன்பு. அவள் நல்ல பெண்.

இங்ஙனம்,
ஆகஸ்டா வெயிட்

*

ஆல்டன் க்ரீக்
மார்ச் 20

தம்பிக்கு,

உடலளவில் நலம்.

பதினேழாம் நாள் கடிதமில்லை. பதினெட்டாம் நாள் காலைத் தபாலிலும் இல்லை. அஞ்சலகத்தில், "இன்னொரு தடவை பையில பாருங்க" என்று மூன்று முறை சொல்லவைத்தாய். நான் எவரிடமும் எதனையும் இருமுறை கேட்பவளல்லள்.

கூடம் நிறைந்திருந்தது. எழுந்து நின்று, "பிரபஞ்சம் விரிகிறது" என்றேன். மிஸஸ் ப்ரூயிட் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. பின்வரிசையில் டட்டில் எழுந்தார்.

"அப்ப கூரியர்ல வந்தது?"

"தப்பு."

"யாரு தப்பு? உங்க தம்பியா?"

லெமுவல், அந்த ஒரு நொடியில் உன் கடிதம் என் கையில் இருந்திருக்க வேண்டும். இல்லை. பொய் சொல்லாதவள் என்று உனக்கு எழுதினேன். சொன்னேன்.

"என் தம்பி எழுதினத நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். தப்பு என்னோடது."

"பின்வரிசைக்குக் கேக்கல மிஸ் வெயிட், இன்னொருக்காச் சொல்லுங்க!" என்றார் டட்டில். கூடமே சிரித்தது. நான் இன்னும் உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் அச்சொற்களை முதன்முறையாகச் சொன்னேன். சொன்னதும் இரண்டு முறை.

பிறகு பேசினேன். நெபுலாக்கள் வெளியினூடே ஓடுவனவல்ல. அவற்றுக்கும் நமக்கும் இடைப்பட்ட வெளியே நீள்கிறது. அவ்வழியே வரும் ஒளியும் உடன் நீள்கிறது. நீண்ட ஒளி சிவக்கிறது என்றேன். இரு மாதங்களாக இவற்றை மறுப்பதற்காகவே படித்தேன். மறுப்பதற்காகப் படித்தவை மனத்தில் நன்கு தங்கியிருந்தன.

"எல்லாம் நம்மள விட்டு விலகுதுன்னா, நாமதான் நடுவுல இருக்கோமா?" என்று மிஸஸ் ப்ரூயிட் மகிழ்ச்சியோடு கேட்டார்.

"அந்த நெபுலாவுல ஒரு மிஸஸ் ப்ரூயிட் இருந்தா, அவங்களுக்கும் எல்லாம் அவங்கள விட்டு விலகுற மாதிரிதான் தெரியும். அவங்களும் இதையேதான் கேப்பாங்க. நடுன்னு ஒண்ணு கெடையாதும்மா."

டட்டில் விடவில்லை. "அப்ப என் களஞ்சியம் ஏன் வீட்ட விட்டு விலகல?"

"கிட்டகிட்ட இருக்கறத ஒண்ணையொண்ணு ஈர்ப்பு புடிச்சு வெச்சிருக்கு. அதுக்கு முன்னால இந்த விரிவு ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய இடைவெளிதான் இன்னும் பெருசாகும்."

"நல்லதாப் போச்சு. மாடு தேடி நான் எங்க போவேன்" என்றார். அவர் மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கட்டுரை இன்று அச்சுக்குப் போகும் நாள் என்பதை அறிவேன். எவ்வாறு அறிவேன் என்று கேளாதே. நீ பேசினாயா இல்லையா என்பதை மட்டும் நான் அறியேன்.

ஆகஸ்டா

*

ஜுனிபர் மலை
மார்ச் 29

அன்பு அக்காவுக்கு,

நான் சொல்ல, நோரா எழுதுகிறாள். இருவரும் நலம் என்று எழுதச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுதினாள்.

உன் எட்டாம் தேதிக் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அன்றே இயக்குநரிடம் சென்றேன். அன்று மாலையே உனக்கு எழுதினோம். இரவில் பனிச்சரிவு சாலையை மூடிவிட்டது; தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அறுந்துபோயின. இருபத்திரண்டாம் தேதிவரை தபால் வண்டி கீழிறங்கவில்லை. நீ மேடையில் நின்றபோது என் மறுமொழி இம்மலையின் பாதி வழியில் சாக்குக்குள் கிடந்தது. இதற்குள் உன்னை வந்தடைந்திருக்கும்.

டாக்டர் ஹாலிஸ்டர் முதலில் தகட்டை வாங்கி ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். "சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேய்யா இது நட்சத்திரம்னு" என்றார். பிறகு அவர் குரல் மாறிற்று. "எத்தன மாசமா, லெம்?"

"அக்டோபர்லேருந்து."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"தினமும் தோணுச்சு."

"அஞ்சு ராத்திரியும் போச்சு, என் பேரும் போயிருக்கும். என்னையும் சொல்லணும், எண்ணப் பாத்தேனே ஒழிய தகட்டப் பாக்கல. நீயா வந்து சொன்ன, அதனால உக்காந்து பேசிக்கிட்டிருக்கோம்." கட்டுரையை அப்போதே தந்தி அடித்து நிறுத்தினார். தொலைநோக்கி அன்றோடு என் கையை விட்டுப் போயிற்று. வீடு ஜூன் இறுதிவரை.

பனி விட்டதும் என் பணிக்கு வந்தவர் அதே கூட்டத்தைப் பிடித்தார், இம்முறை நெபுலாவையே. கோடுகள் கலங்கி, அகன்று, சிவப்புப் பக்கம் வெகுதூரம் சென்றுவிட்டனவாம். நொடிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் மைல். அவர் என்னிடம் தகட்டை நீட்டினார். வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தேன்.

அக்கா, உன் இருபதாம் தேதிக் கடிதத்தை நோராவால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. கூரியர் ஆசிரியருக்கு எழுதப்போகிறேன். தவறியது என் கண். என் தமக்கை எதனையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்று. அவ்வூரில் உன் பெயர் பழையபடி ஆகவேண்டும்.

உன் தம்பி,
லெமுவல்

*

ஆல்டன் க்ரீக்
ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் மீண்டும் வலிக்கிறது. ஆகவே எல்லாம் இயல்பாக உள்ளதெனக் கொள்க.

பனியில் சிக்கிய கடிதமும் வந்தது. அதனைத் திறந்து முதல் வரியைப் படித்துவிட்டு, மூன்று இணைப்புகளைத் தவறாகப் பொருத்தினேன். கால்நடை மருத்துவரைக் கேட்டவருக்குப் பாதிரியார் கிடைத்தார்.

கூரியருக்கு எழுதாதே. இது வேண்டுகோளன்று. முதலில், உன் கடிதத்தை ஆசிரியருக்குக் கொண்டுசெல்லத் தொப்பி அணிந்து வாயில்வரை சென்றேன் என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். எனக்கு என் பெயர்மேல் ஆசை இல்லையென எவரேனும் கூறினால் நம்பாதே. ஆயினும் திரும்பிவந்து தொப்பியைக் கழற்றிவிட்டேன். அங்கே தவறியவன் நீ. இங்கே தவறியவள் நான். ஒரு தவறுக்கு இரண்டு ஊர்கள் போதும். அச்சில் மூன்றாவதாக ஓர் இடம் வேண்டா.

அன்றியும் ஒரு புதுமை. முன்பு இவ்வூரார் நான் பேசக் கேட்பர், வினவ மாட்டார். இப்போது வினவுகின்றனர். நேற்று டட்டில் எக்ஸ்சேஞ்சுக்கு அழைத்து, "மிஸ் வெயிட், லைன் வேண்டாம். ஒரு சந்தேகம். விரியுது விரியுதுன்னீங்களே, எதுக்குள்ள விரியுது?" என்றார். "தெரியாது மிஸ்டர் டட்டில். அப்படி ஒரு 'உள்ள' இருக்கான்னே தெரியாது" என்றேன். "சரிதான், அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றார். அதற்கு நான் சொன்ன மறுமொழியை நோரா வாசிக்கத் தக்கதாக இல்லாமையால் விட்டுவிடுகிறேன்.

ஜூனுக்குப் பின் எங்குச் செல்வீர்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கிழக்கு அறைக்கு வண்ணம் பூச ஆள் சொல்லியிருக்கிறேன். கோழிகளுக்குக் கொல்லையில் இடமுண்டு.

நோரா, இக்கடிதத்தின் கடைசி வரியை நிதானமாக வாசி. ஜனவரி முதல் இவ்வீட்டிலிருந்து சென்ற ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்று எழுதினேன். முழங்காலைப் பற்றியும் கோழிகளைப் பற்றியும் எழுதிக்கொண்டோம். அறிந்த பின்னும் நான் கேளாதது ஒன்று. அவன் விடை சொல்லும்வரை நீ மேலே வாசிக்க வேண்டா. மேலே ஒன்றும் இல்லை.

தம்பி, உன் கண்கள் எப்படி இருக்கின்றன?

ஆகஸ்டா